பாலம் கடந்த பல்வரிசை

ஜொகூர் நீரிணையின் குறுக்கே கிடக்கும் கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. 1923 ஆம் ஆண்டில் அதன்மீது முதன்முதலாக இரயில் ஓடியபோது, அதைக் கட்டியவர்களின் மனத்தில் இருந்தவை ஈயமும் இரப்பரும்தாம். மலாயாவின் செல்வம் சிங்கப்பூர்த் துறைமுகத்தைத் தடையின்றி வந்தடைய வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். பின்னர் அப்பாலத்தின் வழியே குடிநீர் வந்தது; காய்கறி வந்தது; விடியுமுன் எழுந்து வேலைக்கு வரும் தொழிலாளர் கூட்டம் வந்தது. எதிர்த்திசையில், இங்கிருந்து அங்கே போகிறவர்கள் எத்தனையோ வகையினர். பெட்ரோல் நிரப்பப் போகிறவர் உண்டு. வாரக் கடைசியில் வயிறு நிரப்பப் போகிறவர் உண்டு. நான் எழுத விரும்புவது அவர்களைப் பற்றி அன்று. சொத்தைப் பல்லோடும் ஆடும் பல்லோடும் பாலத்தைக் கடக்கின்றவர்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட கார் ஒன்று ஜொகூருக்குப் போவதானால் அதன் எண்ணெய்த் தொட்டி முக்கால் அளவேனும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். 1989 இல் அரைத்தொட்டி என்று தொடங்கி, 1991 இல் அது முக்கால் தொட்டியாயிற்று. அக்கரையின் மலிவான எண்ணெயை நம்மவர்கள் அள்ளிக்கொண்டு வராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சோதனைச் சாவடியில் எண்ணெய்க் காட்டியைக் குனிந்து பார்க்கும் அதிகாரி, பயணியின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எத்தனை பல் ஆடுகிறது என்று பார்ப்பதில்லை. அந்த மட்டில் நாம் பிழைத்தோம்!

ஏன் போகிறார்கள் என்று கேட்டால், நாணய மாற்று விகிதம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. 1967 ஆம் ஆண்டில் சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டன. ஆயினும் 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறி வந்தன. ஜொகூர்க் கடைக்காரர் சிங்கப்பூர் வெள்ளியை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு மலேசிய வெள்ளியை மிச்சம் கொடுப்பார். அதில் பெறுபவருக்கும் குறையில்லை, கொடுப்பவருக்கும் குறையில்லை. அந்தச் சமநிலை முறிந்த பிறகு இரண்டு நாணயங்களும் இரண்டு வழியில் நடந்தன. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூன்றரை ரிங்கிட் அளவுக்கு உயர்ந்தது. ஒரே மொழி பேசி, ஒரே கோயிலில் கும்பிட்டு, ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்து வாங்கிய மக்களின் உழைப்புக்கு, ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று மடங்கு வேறுபாடு வந்துவிட்டது. பல் மருத்துவமனைகள் ஜொகூர் பாருவின் கடைவீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

மருத்துவத்திற்காகக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிதும் அன்று. கப்பலில் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் போய்வந்த காலத்திலேயே, ஊருக்குப் போகிறவர் தம் நோய்களை எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது வழக்கம். வேலூரில் ஒரு வாரம், பழனியில் ஒரு நாள் என்று பயணம் வகுத்துக்கொள்வார்கள். மதுரையில் 1976 இல் அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978 இல் சங்கர நேத்ராலயாவும் 1983 இல் அப்போலோ மருத்துவமனையும் தோன்றிய பிறகு, இப்பழக்கம் விமானமேறி வளர்ந்தது. ஆனால் பல் அத்தகைய பெரும் பயணத்தைத் தாங்காது. ஒரு கண்ணில் புரை எடுக்கச் சில நாள்கள் தங்கினால் போதும். பல்லோ மருத்துவரிடம் பன்முறை போய்வரக் கேட்கும் உறுப்பு. ஆகவேதான் பல்லுக்குப் பாலம், மற்றவற்றுக்கு விமானம் என்று ஆயிற்று.

என் தமக்கையார் 1947 ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவர் கிடையாது. டிரெசர் என்று நாங்கள் அழைத்த உதவியாளர்தாம் காய்ச்சலுக்கு மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பல்லையும் பிடுங்குவார். பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றே அவர் அறிந்த வைத்தியம். அடைத்துக் காக்கலாம், வேரைத் துப்புரவாக்கி நிலைநிறுத்தலாம் என்பன எல்லாம் துரைமார் பங்களாவுக்கு உரிய செய்திகள். பதினெட்டு வயதுக்குள் அக்காள் நான்கு கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டார். 1968 இல் மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தார். கணவர் இறந்த பின் முப்பது ஆண்டுகள் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை பார்த்தார். மக்கள் இருவரையும் படிக்க வைத்தார். தம் வாயை மட்டும் அவர் திறந்து பார்க்கவேயில்லை.

எழுபதைக் கடந்தபோது ஈறுநோய் முற்றி, எஞ்சிய பற்களும் ஆடத் தொடங்கின. சோற்றைக் குழைத்து உண்ணப் பழகிக்கொண்டார். அதைப் பற்றி அவர் முணுமுணுத்ததே இல்லை. அவரை வாட்டியது வேறொன்று. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் மாதர் குழுவோடு அமர்ந்து முருகன் பாடல்களைப் பாடுவது அவர் வழக்கம். தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தீண்டுவதால் பிறப்பவை என்றும், வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறப்பது என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. பல்லில்லாத வாயில் இவை என்னாகும் என்பதற்கு இலக்கண நூலைப் புரட்ட வேண்டியதில்லை. அக்காளின் பாட்டைக் கேட்டாலே போதும். வேலனும் வள்ளியும் காற்றாய்க் கரைந்து போனார்கள். பல் போனால் சொல் போகும் என்ற பழமொழியை நாம் கேலியாகவே பயன்படுத்துகிறோம். அக்காளுக்கு அது கேலியாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்த சிறுமி ஒருத்தி சிரித்துவிட்டாளாம். அன்றோடு அவர் பாடுவதை நிறுத்திக்கொண்டார்.

சிங்கப்பூரில் உதவி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நன்றி கொன்றவன் ஆவேன். முன்னோடித் தலைமுறையினருக்குத் தனியார் பல் மருத்துவரிடமும் கட்டணக் கழிவு உண்டு. பலதுறை மருந்தகங்களில் கட்டணம் இன்னும் குறைவு. ஆனால் அங்கே பல்செட்டுக்கு முறை வருவதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். மத்திய சேமநிதியின் மெடிசேவ் கணக்கில் பணம் இருந்தாலும், அன்றைய விதிப்படி பல் மருத்துவத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மட்டுமே அதை எடுக்க இயலும். பல்செட்டு அறுவையில் சேராது. 2010 மார்ச் முதல் மலேசியாவின் சில மருத்துவமனைகளிலும் மெடிசேவைப் பயன்படுத்த அரசாங்கமே வழி செய்தது. ஆயினும் அதுவும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்குமே உரியது. சட்டத்தின் கண்ணில் பல் ஓர் அணிகலன் போலும்!

நாங்கள் விசாரித்த மருத்துவமனை ஒன்றில், கழிவெல்லாம் போக மேலும் கீழுமாக முழுப் பல்செட்டுக்கும், ஆடும் பற்களைப் பிடுங்குவதற்கும் 1,400 வெள்ளி கேட்டார்கள். மக்கள் இருவரும் தருவதாகச் சொன்னார்கள். நானும் தருவதாகச் சொன்னேன். அக்காள் எவரிடமும் வாங்க மறுத்துவிட்டார். "தம்பி, இது என் வாய்க்குள்ள இருக்கப் போற பல்லு. இன்னொருத்தர் காசில வாங்கினா, கடிக்கும்போதெல்லாம் அந்த நெனப்புத்தான் வரும்" என்றார். அவருடைய அஞ்சலகச் சேமிப்பு வங்கிப் புத்தகத்துக்கு எட்டும் விலை அக்கரையில்தான் இருந்தது. ஜொகூர் பாருவில் கேட்டது 1,800 ரிங்கிட். அன்றைய மாற்றில் ஏறத்தாழ 600 வெள்ளி.

2019 அக்டோபரில் முதற்பயணம். குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170 ஆம் எண் பேருந்தில் ஏறி, உட்லண்ட்ஸில் ஒருமுறையும் அக்கரையில் ஒருமுறையும் இறங்கிக் கடப்பிதழைக் காட்டி, மறுபடி வரிசையில் நின்று போய்ச் சேர்வதற்குள் எழுபத்திரண்டு வயது முழங்கால்கள் எவ்வளவு கெஞ்சியிருக்கும் என்பதை நான் அறிவேன். அக்காளோ இராஜமாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கண்டதும் அலுப்பெல்லாம் மறந்தார். சிறுமியாக இருந்தபோது தோட்டத்து லாரியில் ஏறித் திருவிழாவுக்கு வந்த கோயில் அது.

மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கர்நாடக மாநிலத்து மணிபாலில் படித்தவர். எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் காட்டி, தாடை எலும்பு எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மலிவு என்றால் தரக்குறைவு என்று நம்முள் ஊறிப்போன ஓர் ஐயம் இருக்கிறதே, அது எனக்கும் இருந்தது. அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "அச்செடுக்கும் பசை, அக்ரிலிக், செயற்கைப் பற்கள் எல்லாம் உங்கள் ஊருக்கு வருவது போலவே எங்களுக்கும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. அவற்றில் மலிவு இல்லை ஐயா. கடை வாடகை மலிவு. பல்செட்டுச் செய்கிற தொழிலாளியின் கூலி மலிவு. என் பக்கத்தில் நிற்கிற இந்தப் பெண்ணின் சம்பளம் மலிவு. நீங்கள் மிச்சப்படுத்துகிற பணம் அங்கிருந்துதான் வருகிறது" என்றார். பக்கத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை அடுக்கினாள்.

அவர் சொன்னதன் பொருள் அடுத்த பயணத்திலே விளங்கிற்று. காத்திருப்போர் அறையில் எங்களை அடுத்து ஓர் இளம்பெண் கன்னத்தைக் கையால் தாங்கி அமர்ந்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடை. வேர்ச்சிகிச்சை செய்து பல்லுக்கு உறையும் போட்டால் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவர் கூறியது எங்கள் காதிலும் விழுந்தது. கூறிய தொகை எங்களுக்கு மலிவாகப்பட்டது. 2019 இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட். அவள் சிறிது நேரம் தன் கைப்பேசியில் ஏதோ கணக்குப் பார்த்தாள். "பிடுங்கிடுங்க டாக்டர்" என்றாள்.

அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன் தோட்டத்து மருந்தகத்தில் அவர் கேட்ட அதே தீர்ப்பு! அரசாங்கப் பல் மருந்தகத்தில் சொற்பக் கட்டணத்திற்குச் சிகிச்சை உண்டு என்பதும், அங்கே வரிசை நீளம், அதற்கு விடுப்பு வேண்டும், விடுப்புக்குக் கூலி பிடிப்பார்கள் என்பதும் பின்னர் அப்பெண்ணோடு பேசியதில் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் கூட்டத்தால் நல்ல மருத்துவர்களின் கட்டணம் உயர்கிறது என்று உள்ளூர்க்காரர் சிலர் மனம் வருந்துவதை நானும் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தை ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 2009 இல் நம் சுகாதார அமைச்சராயிருந்த திரு. கோ பூன் வான், ஜொகூரில் முதியோர் இல்லங்கள் மலிவாக அமையலாம் என்ற கருத்தைச் சொன்னபோது இங்கே பெரும் சர்ச்சை எழுந்தது. பெற்றோரை எல்லை தாண்டி அனுப்பிவிடுவதா என்று கொதித்தவர்கள் பலர். அக்கரையில் இருப்பவர்க்கும் பெற்றோர் உண்டு, அவர்க்கும் அந்தக் கட்டில்களும் தாதியரும் வேண்டும் என்று கேட்டவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

பற்களைப் பிடுங்கியபின் ஈறு ஆற இரண்டு மாதங்கள் காத்திருந்தோம். 2020 சனவரியில் அச்செடுத்தார்கள். அடுத்த முறை மெழுகில் கடிவாயின் அளவு எடுத்தார்கள். அதற்கடுத்த முறை மெழுகில் பதித்த பற்களைப் பொருத்திப் பார்த்தார்கள். மருத்துவர் ஒவ்வொரு முறையும் அக்காளை எண்ணச் சொல்வார். ஒன்று, இரண்டு என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ அன்று. அக்காளுக்குப் பாட்டு முக்கியம் என்று அறிந்து, "வேல், வள்ளி, தந்தை, நாதன்" என்று சொல்லச் சொல்வார். முன்பல்லை ஒரு மயிரிழை முன்னே தள்ளி மறுபடி சொல்லச் சொல்வார். எந்தப் பாடநூலில் இதைப் படித்தாரோ! பிப்ரவரி இறுதியில் பல்செட்டு கைக்கு வந்தது. அதற்குள் கொரோனா பேச்சாகவே ஊர் இருந்தது. முகக்கவசத்துக்குள் புதுப்பல்லை மறைத்துக்கொண்டு திரும்பினோம்.

பல்செட்டு என்பது வாங்கி மாட்டிக்கொண்டு மறந்துவிடக்கூடிய மூக்குக்கண்ணாடி அன்று. பல் இழந்த தாடை எலும்பு முதல் ஓராண்டில் விரைவாகச் சுருங்கும். சுருங்கச் சுருங்கச் செட்டு தளரும், தளர்ந்தது ஆடும், ஆடுவது ஈற்றைக் கிழிக்கும். ஆகவே தொடக்கத்தில் அடிக்கடி போய் அங்கங்கே அராவிச் சரிசெய்துகொள்ள வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் ஒருமுறை போனோம். அடுத்தது மார்ச் 21, சனிக்கிழமை என்று அட்டையில் குறித்துத் தந்தார்கள்.

மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. அதற்கு முந்திய இரவு, இங்கே வேலை செய்யும் மலேசியர்கள் துணிமூட்டைகளோடு கடற்பாலத்தில் திரண்டு வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 1942 சனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அப்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. இம்முறை வெடியில்லை; ஒரு கல்லும் பெயரவில்லை. பாலம் அப்படியே கிடந்தது. நம்மால்தான் கடக்க முடியவில்லை. இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் முடக்கநிலை வந்தது. அவசரமல்லாத பல் சிகிச்சை நிறுத்தப்பட்டது. அக்காளின் கீழ்ச்செட்டு இடப்புறம் உராய்ந்து புண்ணாக்கியது. ஜொகூர் மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, இரவில் கழற்றி வைக்கவும், உப்புநீரில் கொப்பளிக்கவும், எக்காரணத்தாலும் வீட்டில் தாமே அராவிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குமேல் குரலால் என்ன செய்துவிட முடியும்? சூன் மாதம் பல் மருத்துவமனைகள் திறந்ததும் இங்கே ஒருவரிடம் போனோம். அவர் செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறர் செய்ததைத் தாம் தொட்டால், பின்னர் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். புதிதாகச் செய்துகொள்வதே நல்லது என்றார். அவர் கூறியது தொழில்முறையில் நியாயமே. நியாயமானதைக் கேட்டுக்கொண்டு அக்காள் செட்டைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு எழுந்தார். வேறொரு மருத்துவர் கொஞ்சம் அராவித் தந்தார். சில மாதங்கள் தாங்கிற்று. பிறகு கீழ்ச்செட்டு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. மேற்செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கஞ்சி குடித்தார். தொலைபேசியில் அவர் பேச்சும் குறைந்தது.

மலிவு, மலிவு என்று நாம் கூறும்போது, முதல் நாள் கொடுக்கும் தொகையை மட்டுமே எண்ணுகிறோம் என்பதை அவ்விரண்டு ஆண்டுகளில் பலர் உணர்ந்திருக்க வேண்டும். பல் நேராக்கும் கம்பியோடு அக்கரை மருத்துவரைப் பார்க்க முடியாமல் தவித்த பிள்ளைகள் எங்கள் அடுக்குமாடியிலேயே இருவர். உள்வைப்புப் பல்லுக்குத் திருகாணி மட்டும் பதித்து, மேற்பல் வராமலே காத்திருந்தவர் ஒருவர். மருத்துவம் என்பது பொருள் வாங்குவது போன்றது அன்று. அது ஒரு தொடர்பு. அந்தத் தொடர்பின் நடுவே இரண்டு அரசாங்கங்கள் நிற்கின்றன. அதற்காகப் போகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 600 வெள்ளிக்கும் 1,400 வெள்ளிக்கும் இடையே இருப்பது என்னைப் போன்றவனுக்கு ஓர் எண். அக்காளுக்கு அது எத்தனையோ மாதச் சேமிப்பு.

2022 ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறந்தது. நள்ளிரவிலேயே வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு பாலத்தைக் கடந்தன. நாங்கள் இரண்டு வாரம் பொறுத்துப் போனோம். மருத்துவமனை இருந்தது, பக்கத்துக் கடைகள் சில மூடிக் கிடந்தன. மருத்துவர் அக்காளின் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, மார்ச் 21 சனிக்கிழமைக்கு இன்றுதான் வருகிறீர்கள்" என்றார். சுருங்கிய எலும்புக்கு ஏற்றபடி செட்டின் உட்புறத்தில் புதுப்படலம் ஏற்றித் தந்தார். அதற்குக் கட்டணமாக 300 ரிங்கிட் மட்டும் பெற்றுக்கொண்டார். முன்பு கருவி அடுக்கிய பெண்ணைக் காணவில்லை. விசாரித்தேன். எல்லை திறந்ததும் சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். இங்கே வாங்கியதைப் போல் மூன்று மடங்கு சம்பளம். புதிதாக வந்தவளுக்கு இன்னும் கருவிகளின் பெயர் பழகவில்லை. மருத்துவர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்காள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறார். முன்போல் முன்வரிசையில் அமர்வதில்லை. குழுவோடு சேர்ந்து பாடும்போது வகரம் வருகிறது. தனியாகப் பாடச் சொன்னால் தலையை அசைத்துவிடுகிறார்.

எங்கள் மாடியில் ஒருவர் பல்லுக்கு ஜொகூர் போகலாமா என்று சென்ற மாதம் என்னிடம் கேட்டார். போவதானால் எக்ஸ்ரே படங்களையும், என்ன பொருளால் செய்தார்கள் என்ற விவரத்தையும் கையோடு எழுதி வாங்கி வரும்படி சொன்னேன். இங்கே அவசரத்துக்குக் கைகொடுக்க ஒரு மருத்துவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளும்படியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த அம்மா சனிக்கிழமையும் இருப்பாங்களா?" என்றார். இருப்பார் என்றேன், மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் குறித்துக் கொடுத்தேன்.